"முற்றும்" என்று போட்ட பிறகு

"தொடரும்" என்பது நான்கு எழுத்து. "முற்றும்" என்பதும் நான்கே எழுத்து. ஆனால் தொடர்கதை படிக்கிற பெண்மணிகளிடம் இந்த இரண்டு வார்த்தைகளும் செய்கிற வேலை இருக்கிறதே, ஒன்றுக்கொன்று நேர் விரோதம்!

"தொடரும்" என்று பார்த்ததும் கோபம் வருகிறது. நல்ல கட்டத்தில் கதவைச் சாத்திவிட்டாரே என்று கதாசிரியரை வாய்விட்டுத் திட்டுகிறோம். திட்டிக்கொண்டே அடுத்த வாரத்துக்கு நாள் எண்ணுகிறோம். "முற்றும்" என்று பார்த்தாலோ, திட்டுவதற்கும் ஆள் இல்லை. எண்ணுவதற்கும் நாள் இல்லை. கதை நன்றாகவே முடிந்திருக்கும். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் கல்யாணப் பந்தலைப் பிரித்த மறுநாள் போல மனசு வெறிச்சென்று கிடக்கும்.

இந்த வெறுமையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். பேச வைத்தவர் நாவலூரில் வசிக்கும் ஒரு சகோதரி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போடவில்லை.

நாவலூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த கிராமம். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே நகர்ந்து சிறுசேரி வரை வந்துவிட்டன. நடுவில் நாவலூர் அகப்பட்டுக்கொண்டது. பழைய மகாபலிபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறியது. வயல் இருந்த இடத்தில் பத்து மாடி, இருபது மாடி என்று வீடுகள் எழும்பின. நமது சகோதரி அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், 72 வயது மாமியார். இவ்வளவுதான் குடும்பம்.

அவருடைய கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

வீடு மாறி வந்தபோது மாமியாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டு பைண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஆனந்த விகடனில் 1980களில் வாரா வாரம் வந்த பக்கங்களைக் கத்தரித்து, சேர்த்து வைத்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டவை. ஒன்று, சுஜாதாவின் "என் இனிய இயந்திரா". மற்றது அதன் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ". முதல் புத்தகம் முழுசாக இருந்தது. இரண்டாவதில் கடைசி அத்தியாயங்கள் மட்டும் இல்லை!

"என்ன அத்தை, முடிவைக் காணோமே?" என்று கேட்டிருக்கிறார் மருமகள்.

"அந்தச் சமயம் உங்க நாத்தனார் கல்யாணம். ஊருக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ளே அந்தப் புஸ்தகமெல்லாம் பழைய பேப்பரோட எடைக்குப் போயிடுச்சு."

"அப்புறம்தான் புத்தகமாகவே வந்ததே. வாங்கியிருக்கலாமே?"

மாமியார் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், அந்தச் சகோதரி எழுதியிருக்கிறபடி:

"வாங்கியிருக்கலாம். எனக்குன்னு ஒரு கதைப் புஸ்தகம் வாங்கித் தாங்கன்னு யார்கிட்டே போய்க் கேக்கறது?"

நேயர்களே, இந்த ஒரு வரியை நான் மூன்று தடவை படித்தேன். ஒரு கதையின் முடிவு தெரியாமலே ஒரு பெண் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்தியிருக்கிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் பூட்டி வைக்கவும் இல்லை. கேட்பதற்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மருமகள் மறுநாளே புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். மாமியாருக்குக் கண் பார்வை மங்கல். ஆகையால் மாலையில் விளக்கு ஏற்றிய பிறகு தினம் ஓர் அத்தியாயம் மருமகள் உரக்கப் படிப்பது, மாமியார் கேட்பது என்று ஏற்பாடு. முதல் பாகத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். கல்லூரி மகளும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று மகள் உள்ளவர்களுக்குத் தெரியும்!

இந்தக் கதையைப் படிக்காதவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், முடிவைச் சொல்லமாட்டேன்.

கதை 2020களின் தொடக்கத்தில் நடக்கிறது. எழுதியபோது அது எட்டாத எதிர்காலம். இன்று நமக்குப் பழைய காலண்டர்! அந்த எதிர்கால இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளுகிறார். எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சுத்தம், எல்லாவற்றுக்கும் அனுமதி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வயது ஒரு வரம்பைத் தாண்டினால் உயிர் வாழ அனுமதி இல்லை. பெயர்கூட இரண்டே எழுத்தில்தான் வைத்துக்கொள்ளலாம். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, எண்ணிப் பாருங்கள், எல்லாம் இரண்டு எழுத்து. ஜீனோவும் இரண்டு எழுத்துத்தான். ஆனால் ஜீனோ மனிதன் அல்ல. பேசும், புத்தகம் படிக்கும், கேலி செய்யும் ஓர் இயந்திர நாய்க்குட்டி.

கதாநாயகி நிலா வீராங்கனையே அல்ல. நம்மைப் போல ஒரு குடும்பப் பெண். பிள்ளை பெற அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவள். அவளுடைய கணவன் சிபி காணாமற் போகிறான். அங்கிருந்து கதை பிடித்துக்கொள்கிறது.

இதை எழுதிய சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன் என்பதும், அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கியபோது அந்த வேலையை மேற்பார்வை செய்தவர்களில் அவரும் ஒருவர். 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தேசம் முழுவதும் அந்த மாதிரி இயந்திரத்தில்தான் ஓட்டுப் போட்டது. ஓட்டுக்கே மதிப்பில்லாத ஒரு தேசத்தைக் கதையில் படைத்தவர், ஆபீசில் ஓட்டுப் போடும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தார்! இந்தப் பொருத்தத்தை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் வேடிக்கை குறைந்து, மரியாதை வருகிறது.

அந்தக் கதை அப்போது வீட்டுக்கு வீடு பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாட்டில் அவசர நிலை இருந்தது. வட இந்தியாவில் பல இடங்களில் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு நடந்தது. பிள்ளை விஷயத்தில் அரசாங்கம் வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பது பத்திரிகை படிப்பவர்களுக்கு அப்போது கற்பனை அல்ல. சீனாவில் ஒரு பிள்ளைதான் என்ற சட்டம் 2015 முடிய நீடித்தது. ஆகவே நிலா அனுமதிக்காகக் காத்திருந்தபோது, அவளோடு நம் பெண்களும் காத்திருந்தார்கள்.

நாவலூர் மாமியார் கேட்டுக்கொண்டே வந்தவர், வயதானவர்களுக்கு அந்தத் தேசத்தில் இடமில்லை என்ற கட்டம் வந்தபோது சிரித்துவிட்டாராம். "1980களில் இதைப் படிச்சப்போ எனக்கு முப்பத்திச் சொச்சம் வயசு. ஐயோ பாவம், கிழங்களெல்லாம் என்ன செய்யும்னு நெனச்சேன். இப்போ நானே கிழம். உன் பெண்ணைக் கேளு, என்னை வெச்சுக்கலாமான்னு!" என்றாராம். பேத்தி எழுந்து போய்ப் பாட்டியைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறார் சகோதரி.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி அத்தியாயம் வந்ததும் மாமியார் தடை போட்டார். "இருக்கட்டும், நாளைக்குப் படிக்கலாம்." மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதே. இப்படியே பத்து நாள்! முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர், கைக்கு எட்டிய பிறகு தள்ளிப் போட்டார். பதினோராம் நாள் அவரே கூப்பிட்டு, "படிச்சுடு" என்றார். படித்து முடித்தார்கள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியார், "நல்லா முடிச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் காபி கேட்டாராம்.

இப்போது சகோதரியின் கேள்வி: "அத்தை மறுநாளே சகஜமாகிவிட்டார். எனக்குத்தான் நாலு நாளாக வேலை ஓடவில்லை. முடிவு நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஏன் இந்த ஏக்கம்? வீட்டுக்காரர் கேலி செய்கிறார். இது அசட்டுத்தனமா?"

அசட்டுத்தனம் இல்லை, சகோதரி. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், நல்ல முடிவு என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

*

நல்ல முடிவு என்றால் சுப முடிவு என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். மணவறை, மாலை, மங்களம். ஆனால் நம் மனத்தில் நின்ற கதைகளை எண்ணிப் பாருங்கள்.

நாவலூரிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால், அரை நாளில் மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்தச் சிற்பங்களைப் பார்க்கிற தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்காவது ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் நினைவுக்கு வருவார்கள். கல்கியின் "சிவகாமியின் சபதம்" எப்படி முடிகிறது? வாதாபி எரிகிறது. சபதம் நிறைவேறுகிறது. ஆனால் சிவகாமி திரும்பி வரும்போது மாமல்லர் இன்னொருத்தியின் கணவர், பிள்ளைகளின் தகப்பன். சிவகாமி ஏகாம்பரநாதரின் சந்நிதியில் தன்னை ஒப்புக் கொடுத்துவிடுகிறாள். இது சுபமா? இல்லை. ஆனால் இதைத் தவிர வேறு முடிவு அந்தக் கதைக்கு இருக்க முடியுமா? சிவகாமி சபதம் செய்த அன்றே, அதற்கு என்ன விலை என்று எழுதியாகிவிட்டது. கடைசி அத்தியாயத்தில் அவள் விலையைக் கொடுக்கிறாள். நாம் அழுகிறோம். ஆனால் ஏமாந்துவிட்டோம் என்று சொல்வதில்லை.

"பொன்னியின் செல்வன்" விஷயம் வேறு. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை மூன்றரை வருஷம் வாரா வாரம் ஓடிய கதை. மணியம் அவர்களின் சித்திரங்களுக்காகவே பத்திரிகையைப் பிரித்தவர்கள் உண்டு. கடைசியில் கைக்கு வந்த கிரீடத்தை அருள்மொழிவர்மன் இன்னொருவர் தலையில் வைக்கிறான். மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் கண்ணை மூடுகிறாள். முற்றும்! வாசகர்கள் பலருக்குத் திருப்தி இல்லை. குந்தவை என்ன ஆனாள், வந்தியத்தேவன் என்ன ஆனான், நந்தினி என்ன ஆனாள் என்று கேட்டு எழுதினார்கள். கடைசியில் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை ஓயவில்லை. 2022லும் 2023லும் அந்தக் கதை இரண்டு பாகமாகத் திரைப்படமாக வந்தபோது, தியேட்டர் வாசலில் பேத்திகள் பாட்டிகளோடு அதையே வாதாடிக்கொண்டிருந்தார்கள். எழுபது வருஷமாக மூடாத கதவு!

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. முடிவு என்பது கடன் தீர்ப்பது. முதல் அத்தியாயத்தில் ஆசிரியர் நம்மிடம் கடன் வாங்குகிறார். இவளுக்கு என்ன ஆகுமோ என்று நம்மைக் கவலைப்பட வைக்கிறாரே, அதுதான் கடன். மூன்று வருஷம் கவலைப்பட்டால் மூன்று வருஷ வட்டியும் சேர்கிறது. முடிவு சிரிக்க வைக்கலாம், அழ வைக்கலாம். கடன் பைசல் ஆக வேண்டும். பைசல் ஆகாவிட்டால் வாசகி வாசலில் வந்து நிற்பாள், பொன்னியின் செல்வனுக்கு நின்றது போல.

சில சமயம் கடன் வாங்கியவரே போய்விடுகிறார். கல்கி 1954 டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். அப்போது "அமரதாரா" பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை முடித்துக் கொடுத்தார். தகப்பன் வைத்த கடனை மகள் தீர்த்தாள்.

*

இருண்ட காலத்தைப் பற்றிய கதைகளில் இந்தக் கடன் இன்னும் கனமானது. ஏனென்றால் அங்கே நாம் ஒரு பெண்ணுக்காக மட்டும் கவலைப்படுவதில்லை, ஒரு தேசத்துக்கே கவலைப்படுகிறோம்.

ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1949இல் வெளியிட்ட "1984" என்ற நாவலில் கதாநாயகன் கடைசியில் தோற்றே போகிறான். உள்ளமும் தோற்றுப்போகிறது. படித்து முடித்தால் சோறு இறங்காது. ஆனால் கதைக்குப் பின்னால் ஓர் அனுபந்தம் இருக்கிறது. அந்தக் கொடுங்கோல் ஆட்சி உண்டாக்கிய பாஷையின் இலக்கணத்தைப் பற்றிய வறட்டுக் கட்டுரை. பலர் அதைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுவார்கள். பொறுமையாகப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அந்தக் கட்டுரை முழுவதும் இறந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது! அப்படியானால் அந்த ஆட்சி ஒரு நாள் ஒழிந்துபோயிருக்க வேண்டும் அல்லவா என்று அவர்கள் வாதாடுகிறார்கள். நம்பிக்கையை இலக்கணத்தில் ஒளித்து வைத்த முடிவு அது.

கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் "தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்" என்ற நாவலை வெளியிட்டார். பெண்களுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை இல்லாத ஒரு ராஜ்யம். பிள்ளை பெறுவதற்கென்றே சில பெண்களை வைத்திருக்கிறார்கள். கடைசியில் கதாநாயகி ஒரு வண்டியில் ஏறுகிறாள். அது விடுதலைக்குப் போகிறதா, தண்டனைக்குப் போகிறதா என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வாசகர்கள் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 34 வருஷம் கழித்து 2019இல் அட்வுட் இன்னொரு நாவல் எழுதி, அந்த ராஜ்யம் எப்படி உள்ளிருந்தே இற்று விழுந்தது என்று பதில் சொன்னார். நாவலூர் மாமியார் மட்டும் தனியாகக் காத்திருக்கவில்லை, பார்த்தீர்களா!

பேத்திமார் காலத்துக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சூசன் காலின்ஸ் எழுதிய "ஹங்கர் கேம்ஸ்" 2008, 2009, 2010 என்று மூன்று பாகமாக வந்தது. அந்தத் தேசத்தில் வருஷா வருஷம் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கியெடுத்து, ஒருவரையொருவர் கொல்ல விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். கதாநாயகி காட்னிஸ் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள், தனக்குப் பிள்ளைகளே வேண்டாம் என்று. பெற்றால் சீட்டில் பெயர் போடுவார்களே! கடைசிப் பக்கத்தில் அவளை எங்கே பார்க்கிறோம்? வெற்றி ஊர்வலத்தில் அல்ல. பல வருஷம் கழித்து, ஒரு புல்வெளியில் தன் இரண்டு குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். புல்லுக்கு அடியில் இருப்பது இடுகாடு. அது குழந்தைகளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இரவில் கெட்ட கனவு வந்தால், தான் கண்ட நல்ல காரியங்களை ஒவ்வொன்றாக மனத்துக்குள் எண்ணுவாளாம்.

யுத்தம் முடிந்ததை விட, அந்த இரண்டு குழந்தைகள்தான் முடிவு. முதல் அத்தியாயத்தில் வாங்கிய கடன் அங்கேதான் பைசலாகிறது.

நிலாவின் கதையும் இதே தராசில் நிறுக்க வேண்டியது. முதல் பாகத்தின் கடைசியில் பெரிய திருப்பம் ஒன்று வருகிறது. படிப்பவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். ஆனால் திருப்பம் வேறு, முடிவு வேறு. திருப்பம் நம்மை அதிரவைக்கும், கடனைத் தீர்க்காது. இரண்டாம் பாகம் தொடங்கும்போது நிலா நாட்டின் அரசி. பெயருக்குத்தான் அரசி, பிடி வேறு கையில். பிள்ளைக்கு அனுமதி கேட்டு நின்ற பெண், இப்போது கிரீடத்தோடு அனுமதி கேட்டு நிற்கிறாள்! அவள் அனுமதி கேட்காமல் வாழும் நாள் வருமா என்பதே இரண்டாம் பாகத்தின் கேள்வி. பதிலை நான் சொல்லமாட்டேன். 72 வயதுப் பெண்மணி ஒருவர், "நல்லா முடிச்சிருக்கார்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

*

இனி உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன், சகோதரி.

கடன் தீர்ந்துவிட்டால் கடன்காரருடன் இருந்த போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. தினம் மாலையில் விளக்கு ஏற்றியதும் நிலாவும் ஜீனோவும் உங்கள் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வருவது நின்றுவிட்டது. ஏக்கம் அவர்களுக்காக மட்டுமா? இல்லை என்று நினைக்கிறேன். தினம் ஒரு மணி நேரம் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்காகவும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் குக்கர் கத்தவில்லை, ஆபீஸ் போன் வரவில்லை, "என் சட்டை எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் முடிந்ததும் அந்த மணி நேரத்துக்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது.

உங்கள் அத்தை ஏன் மறுநாளே சகஜமானார் தெரியுமா? அவருக்கு அது பழைய பாக்கி. வசூலாகிவிட்டது, நிம்மதி. பத்து நாள் தள்ளிப் போட்டதற்கும் காரணம் இருக்கும். காத்திருப்பு என்பதும் ஒரு சொத்து. அதைக் கைவிட மனசு ஒப்ப வேண்டும். ஒப்பியதும் கூப்பிட்டார். இதில் அவசரப்படுத்தாமல் இருந்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும்.

ஆகவே என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: முடித்த கையோடு அடுத்த கதையைத் தொடங்க வேண்டாம். பாயசம் சாப்பிட்ட வாயில் உடனே பக்கோடா போடுவோமா? இரண்டு நாள் போகட்டும்.

இரண்டு: முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். முடிவு நல்ல முடிவா என்பதற்கு இதைவிடப் பரீட்சை இல்லை. நல்ல முடிவாக இருந்தால், முதல் பக்கத்தில் சாதாரணமாகத் தோன்றிய ஒரு வார்த்தை இப்போது சுருக்கென்று தைக்கும்.

மூன்று: கதையைப் படிக்காத ஒருவருக்குச் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிறர் முடிவைத் திருடுவது, பிறர் வீட்டு ஊறுகாய் ஜாடியில் கை விடுவதற்குச் சமானம்.

நான்கு, இதுதான் முக்கியம்: அந்த மாலை ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். அதற்குச் சாக்கு வேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் கேலி செய்கிறார் என்றீர்களே, அவரையும் ஜமுக்காளத்தில் உட்கார வையுங்கள். அடுத்த கதையை அவர் உரக்கப் படிக்கட்டும். பத்தாவது அத்தியாயத்தில் கேலி நின்றுவிடும், பாருங்கள்.

*

கடைசியாக எல்லா நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பரண் மேலும், டிரங்குப் பெட்டியிலும், பீரோவின் அடித் தட்டிலும் ஒரு தடவை பாருங்கள். கத்தரித்துத் தைத்த தொடர்கதைப் பைண்டு ஏதாவது கிடைக்கும். பக்கத்தின் பின்புறம் பழைய சோப்பு விளம்பரம், கூந்தல் தைல விளம்பரம் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் பிறகு ரசித்துக்கொள்ளலாம். முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "முற்றும்" இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லாவிட்டால், அதைத் தைத்து வைத்த அம்மாவிடமோ அத்தையிடமோ பாட்டியிடமோ போய், "முடிவு தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கிக் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் படித்துக் காட்டுங்கள். அவர்களாக உங்களிடம் கேட்கமாட்டார்கள்.

எந்தக் கதை, எத்தனை வருஷம் காத்திருந்தது என்று எனக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் சந்தோஷப்படுவேன். முடிவை மட்டும் எழுத வேண்டாம். நான் இன்னும் படிக்காத கதையாக இருக்கலாம்!